சுகந்தின்னுதான் கூப்பிட்டேன்

இப்போதைக்கு நகராதுங்ணா. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு. முன்னாடி ஒரு தக்காளி லாரி அச்சு முறிஞ்சு ரோட்டுக்குக் குறுக்க உக்காந்துடுச்சாம். ஓவர்லோடு. கிரேன் வரணுமாம். நீங்க பழனிதானுங்களே? நான் கோயமுத்தூர். ஜன்னல் பக்கம் வேணும்னா மாறிக்கலாங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் கால் நீட்ட முடியாது.

ஓவர்லோடுன்னு அவரு சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. இந்த வருஷம் நான் பட்ட பாடெல்லாம் அதனாலதான். இல்லீங்க, எனக்கு லாரித் தொழில் இல்ல. கம்ப்யூட்டர். சரவணம்பட்டியில ஒரு கம்பெனி. என்ற பேரு திருமூர்த்தி.

போன இடமா? சின்னமனூருங்க. மாமனார் ஊரு. சம்சாரத்தைக் கூட்டிட்டு வரலாம்னு போனேன். இந்த சீட்டுல நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுலயே தெரிஞ்சிருக்கும், அவ வரலைன்னு.

சண்டையெல்லாம் இல்லீங்க. அதான் கொடுமை. சண்டைன்னு ஒண்ணு இருந்தா சமாதானம்னு ஒண்ணு பேசலாம். எங்க வீட்டுல அவளை யாரும் ஒரு வார்த்தை கடுசாச் சொன்னதில்லை. பேரு சொல்லிக் கூப்பிட்டோம். அது ஒரு குத்தமாப் போச்சு.

மொதல்ல இருந்து சொல்லிர்றனுங்க. எப்படியும் வண்டி எடுக்கப் போறதில்லை.

என்ற முதல் சம்சாரம் பேரு சுகந்தி. காய்ச்சல்னு படுத்தா, ஒரு வாரம் கூட இல்லை, போயிட்டா. கொழந்தை இல்லை. அப்பறம் கோயமுத்தூர் கணபதியில எங்க வீட்டுல நானும் எங்கம்மாவும்தான். அம்மா அவகிட்ட உசுரா இருந்தாங்க. மாமியா மருமகள்னு சொல்ல முடியாது. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான். அவ போனப்பறம் அம்மா சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, சுகந்தி, உப்புப் போட்டியான்னு கேட்டுட்டு, அப்படியே கீழ உக்காந்துருவாங்க. எனக்கு ஆபீஸ்ல இருந்தா வீட்டு நெனப்பு, வீட்டுல இருந்தா எங்கயாச்சும் ஓடிப்போயிரலாமான்னு இருக்கும். எங்க ஓடறது? அம்மாவை யாரு பாக்கறது?

ரெண்டு வருஷம் கழிச்சு தரகர் ஜாதகம் கொண்டாந்தாரு. அதுல ஒண்ணு சின்னமனூர்ப் பொண்ணு. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப்ல வேலை. வயசு முப்பத்திமூணு ஆயிப்போச்சு, தங்கச்சிக்கெல்லாம் முடிச்சுட்டு இவ நின்னுட்டா. பேரு சுகந்தி. எங்கம்மா அந்த ஜாதகத்தைக் கீழ வைக்கலீங்க. பேரு கூட அதேதான் கண்ணு, அவளே திரும்பி வர்றா மாதிரி இருக்குதுன்னு அழுதாங்க. எனக்கும் நல்லதாத்தான் பட்டுச்சு. நாக்குக்குப் பழகின பேரு. வேற பேருன்னா மாத்திக் கூப்பிட்டு அது ஒரு மனஸ்தாபம் வரும். இதுல அந்தத் தொந்தரவே இல்லை பாருங்க.

நெசமாவே இல்லீங்க. பால்காரர்ல இருந்து மேல் வீட்டுக்காரங்க வரைக்கும் புதுசா யாரும் எதையும் பழக வேண்டியதில்லை. பாத்திரம் எடுத்துக்குங்க. சீர்ல வந்த எவர்சில்வர்ல பேரு வெட்டியிருப்பாங்கல்ல. அவ கொண்டாந்ததுலயும் சுகந்தி, இவ கொண்டாந்ததுலயும் சுகந்தி. அம்மா எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கிட்டாங்க. எது யாருதுன்னு பிரிக்கற வேலையே இல்லை. இவ மட்டும் ஒவ்வொரு டம்ளரையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருப்பா. பேருக்குக் கீழ வருஷம் போட்டிருக்கும். அதைப் பாத்து, தன்னோட டம்ளர்ல ஊத்தித்தான் டீ குடிப்பா. டீ எதுல குடிச்சா என்னங்க?

அம்மா பேச்சுல மட்டும் சித்த குழப்பம் வரும். வயசானவங்க. சுகந்தி ரசம் வெச்சா தெருவே மணக்கும்பாங்க. இவ, நான் இன்னிக்குத்தானே அத்தை வெச்சேன்னு சொல்லுவா. உன்னைச் சொல்லலைம்மான்னு அம்மா சொல்லுவாங்க. தப்பா ஒண்ணும் சொல்லலை பாத்தீங்களா, உள்ளதைத்தான் சொன்னாங்க. நானும் ஒரு தடவை, மூணார்ல மழையில மாட்டுனோமே, ஞாபகம் இருக்கான்னு கேட்டுட்டேன். நான் வரலைங்கன்னா. அத்தோட விட்டுட்டா. இவ பேச்சே அப்படித்தான், ஒரு வரியில முடிஞ்சுரும்.

ஹால்ல மூத்தவளோட போட்டோ இருக்குது. மாலை போட்டு, கீழ பேரு, பொறந்த தேதி, மறைஞ்ச தேதி. எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான். கல்யாணம் ஆன புதுசுல இவ என்கிட்ட வந்து, பேரை மட்டும் மறைச்சுரலாமான்னு கேட்டா. தெனமும் காலைல அதைத் தாண்டித்தானே கோலம் போடப் போறேன்னா. பேரை எடுத்துட்டா யாருன்னு எப்படித் தெரியும்னேன். அப்பன்னா என்னை வேற ஏதாச்சும் சொல்லிக் கூப்பிடுங்கன்னா. சுகந்தி வெர்ஷன் டூன்னு கூப்பிடட்டுமான்னு தமாஷ் பண்ணினேன். எங்க ஆபீஸ்ல இதைச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

சரி, ஓவர்லோடுக்கு வர்றேன்.

எங்க கம்பெனிக்கு ஒரு பார்சல்காரங்க கஸ்டமர். வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல்னு மலை ஏறற வண்டிங்க நெறைய ஓட்டறாங்க. எந்த வண்டியில எவ்வளவு ஏத்தலாம்னு எங்க புரோகிராம்தான் சொல்லும். அதுல எடைன்னு ஒரு ஃபங்ஷன். ஃபங்ஷன்னா ஒரு வேலையாள்னு வெச்சுக்குங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டு ஒரு மூட்டையைக் கொடுத்தா, இத்தனை கிலோன்னு சொல்லும். மொதல்ல இருந்த எடை, மூட்டை மேல ஒட்டியிருக்கற சீட்டைப் படிச்சுச் சொல்லும், அவ்வளவுதான். அப்பறம் மூட்டைக்குள்ள மூட்டை, அதுக்குள்ள பெட்டின்னு வர ஆரம்பிச்சுது. மேல் சீட்டை நம்ப முடியலை. அதனால நான் புதுசா ஒரு எடை எழுதினேன். அதே பேருலதான். புது எடை மூட்டையைப் பிரிக்கணும். உள்ள இருக்கற ஒவ்வொண்ணுக்கும் மறுபடி எடையையே கூப்பிடணும். அது அதைப் பிரிச்சு, அதுக்குள்ள இருக்கறதுக்கு மறுபடியும். பிரிக்க இனி ஒண்ணுமில்லைங்கற வரைக்கும் தன்னையே தான் கூப்பிட்டுக்கிட்டுப் போகணும். ரிகர்ஷன்னு சொல்லுவோம்.

எழுதியாச்சு, ஓடுச்சு, எல்லாரும் கை குடுத்தாங்க. ஒரு மாசத்துல வால்பாறை ரோட்டுல கொண்டை ஊசி வளைவுல ஒரு வண்டி ஏற முடியாம பின்னால சறுக்கி, டிரைவருக்குக் கால் போச்சு. உசுரு தப்பிச்சாரு. வண்டியை எடை போட்டா நாங்க சொன்னதை விட எவ்வளவோ ஜாஸ்தி. புரோகிராம் எழுதினவன் யாருன்னு கேட்டாங்க. நான்தான்.

அன்னிக்கு மாட்டுனவன்தாங்க. லீவு கிடையாது. வேற வேலைக்கு மாறலாம்னா, கேஸ் இருக்குது, முடிச்சுட்டுப் போன்னுட்டாங்க. ஆபீஸ்ல நாள் பூராப் பாப்பேன், வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில வெச்சுப் பாப்பேன். ஒவ்வொரு வரியா. எல்லாம் சரியாத்தான் இருக்குது. மெஷின் ஒரு தப்பும் காட்டலை. நூத்துல எண்பது மூட்டைக்குக் கணக்கும் சரியா வருது. ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் அம்மா, எதிர்ல போட்டோ. அந்த ஹாலை விட்டு வெளிய போக வழியே இல்லாத மாதிரி இருக்கும். வீட்டுல வேற யாருக்கும் அப்படி இருந்திருக்காதுங்க. கவலை பூரா எனக்குத்தானே.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவ தட்டு எடுக்க வந்தவ, பின்னால நின்னு ஸ்கிரீனைப் பாத்துட்டே இருந்தா. படிச்சவதானே. அப்பறம் வெரலை வெச்சுக் கேட்டா:

"இந்த உள்ள இருக்கற எடை, எந்த எடை?"

புதுசுதான், வேற எதுன்னு சொல்ல வாயெடுத்தனுங்க. அப்பத்தான் பொறி தட்டுச்சு. நான் கண்டுபிடிச்சுட்டேன். இத்தனை மாசம் ஆபீஸ்ல எட்டு பேரு பாத்து அகப்படாததை நான் அந்த மேசையில உக்காந்து கண்டுபிடிச்சேன். அவ சும்மா கேட்டா, அவ்வளவுதான்.

என்னன்னா, நாங்க எழுதறது ஃபங்ஷனல் மொழின்னு ஒரு வகை. அதுல பேரு விஷயத்துல கறாரா இருப்பாங்க. சில மொழியில ஒரு ஃபங்ஷன் உள்ள தன் பேரைச் சொன்னா தன்னைத்தான் சொல்லுதுன்னு தானாவே புரிஞ்சுக்கும். நாங்க எழுதறதுல அப்படியில்லை. பேரு வைக்கறதுக்கு லெட்னு ஒரு வார்த்தை உண்டு, லெட் எடைன்னு ஆரம்பிச்சு எழுதினா, எழுதி முடிக்கற வரைக்கும் அந்தப் புது எடை இன்னும் பொறக்கலைன்னு அர்த்தம். உள்ள எடைன்னு கூப்பிட்டா, ஏற்கனவே வெளிய இருக்கற பழைய எடைதான் வந்து நிக்கும். புதுசு தன்னையே கூப்பிடணும்னா லெட்டுக்குப் பக்கத்துல ரெக்னு இன்னொரு வார்த்தை போட்டிருக்கணும். நான் போடலை. அதனால என்ன ஆச்சு? புது எடை மூட்டையைப் பிரிக்கும். உள்ள இன்னொரு மூட்டை இருந்தா, கூப்பிடறது பழசை. அது போய்ச் சீட்டைப் படிச்சுட்டு வந்துரும். அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் பிரிச்சே பாக்கலை.

இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னனுங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவ அப்படியே நின்னு கேட்டா. மெஷின் ஏன் தப்புன்னு சொல்லலைன்னு கேட்டா. பழசுன்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா சொல்லியிருக்கும், இந்தப் பேருல யாரையும் எனக்குத் தெரியாதேன்னு அங்கயே நின்னிருக்கும். பழசு இருந்துச்சு, பேரு சொன்னதும் ஆளு வந்துருச்சு, அப்பறம் அது ஏன் வாயைத் தெறக்குதுன்னேன்.

ரெக் போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிருமான்னு கேட்டா. உள்ள சரியாப் போயிரும், ஆனா புதுசு வர்றதுக்கு முன்னாடியே எழுதின வரிங்க மேல இருக்குதுல்ல, அதெல்லாம் பழசையேதான் பிடிச்சுட்டு இருக்கும், அதுங்களுக்குப் புதுசு வந்ததே தெரியாது, அதை நாமதான் ஒவ்வொண்ணாப் போய் மாத்தணும்னேன். அந்த நேரம் பாத்து அம்மா ரூம்ல இருந்து சுகந்தின்னு கூப்பிட்டாங்க. இவ போகலை. என்னையே பாத்துட்டு நின்னா.

"அந்த ரெக் போட எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் சிரிச்சுட்டேன். இங்கிலீஷ்ல மூணே எழுத்து, கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள போட்டுரலாம்னேன். அவ சிரிக்கலை. தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் ஆபீஸ்ல சரி பண்ணிக் காட்டினேன். மேனேஜர் எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுப் பாராட்டினாரு. சாயங்காலம் மைசூர்பா வாங்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் ஒரு துண்டு எடுத்துப் போட்டோக்கு முன்னால வெச்சேன். நல்ல சேதின்னா மொதல்ல அவகிட்ட வெச்சுட்டுத்தான் மத்தவங்களுக்கு. அது பழக்கம். சுகந்தி, முடிஞ்சுருச்சு, கண்டுபிடிச்சுட்டேன்னு சொன்னேன். திரும்பிப் பாத்தா இவ கை நீட்டிட்டு நின்னுட்டு இருக்கா. என்ன நெனச்சாளோ, கையை இழுத்துக்கிட்டா. உனக்கும் எடுத்துக்கன்னு டப்பாவையே நீட்டினனுங்க.

அடுத்த வாரம் ஊருக்குப் போயிட்டு வர்றேன்னு கிளம்பினா. அம்மாவுக்கு மருந்தெல்லாம் வேளைக்கு வேளை பிரிச்சு வெச்சுட்டு, மாவு ஆட்டி வெச்சுட்டுத்தான் போனா. தன்னோட பாத்திரத்துல நாலஞ்சை மட்டும் பையில போட்டுக்கிட்டா. நான் ஒண்ணும் கேக்கலை. தீபாவளி வந்துச்சு, அவ வரலை. போன் பண்ணினா நல்லாத்தான் பேசுவா. சாப்பிட்டீங்களா, அத்தை காலு வீக்கம் வத்திச்சான்னு கேப்பா. எப்ப வர்றேன்னு கேட்டா மட்டும் பேச்சு நின்னுரும். பழைய பாலிடெக்னிக்லயே மறுபடி சேர்ந்துட்டாளாம். அதை அவ சொல்லலை, மாமனார் சொன்னாரு. அம்மா இப்ப மறுபடி சமையல்கட்டுல நின்னுக்கிட்டு சுகந்தின்னு கூப்பிட்டுட்டு உக்காந்துக்கறாங்க. இப்ப எந்த சுகந்தியைக் கூப்பிடறாங்கன்னு எனக்கே தெரியலீங்க.

அதான் இன்னிக்குக் காலைல கிளம்பி வந்தேன். கல்யாணத்துக்கு அப்பறம் அந்த ஊருக்கு நான் போனதே ஒரு தடவைதான், அதுவும் கார்ல. தெரு மறந்துருச்சு. ஒரு தையல்கடையில, இங்க சுகந்தி வீடு எதுங்கன்னு கேட்டேன். அப்படி யாரும் இல்லையேன்னாரு. எதிர்ல காய் வாங்கிட்டு நின்ன அம்மாகிட்டக் கேட்டேன், அவங்களுக்கும் தெரியலை. பாலிடெக்னிக்ல வேலை, கோயமுத்தூர்ல கட்டிக் கொடுத்த பொண்ணுன்னு அடையாளமெல்லாம் சொன்னப்பறம்தான், அட, நம்ம காமுவைக் கேக்குறீயளான்னாங்க. காமாட்சின்னு கோயில்ல வெச்ச பேராம். பள்ளிக்கூடத்துல சேக்கறப்பத்தான் சுகந்தின்னு போட்டாங்களாம். அந்தத் தெரு பூரா அவ காமுதான். காமு டீச்சர் வீட்டுக்காரரான்னு தையல்காரர் வெளிய வந்து என்னைப் பாக்கறாரு. ஒண்ணரை வருஷம் குடும்பம் நடத்தினவன், எனக்கு அந்தப் பேரு தெரியாது. என்கிட்ட அவ சொன்னதே இல்லீங்க. சொல்லியிருக்கணுமா இல்லையா?

வீட்டுல நல்ல மரியாதைங்க. மாமனார் வாங்க மாப்ளன்னு நாற்காலி போட்டாரு. இவ டீ கொண்டாந்தா. ஆளு நல்லாத்தான் இருந்தா. கோயமுத்தூர்ல இருந்ததை விடச் சத்தமாப் பேசறா. தண்ணி வந்துருச்சா, மோட்டாரைப் போட்டியான்னு அவங்கம்மாகிட்டக் கேட்டுட்டே வந்தா. அந்தக் குரலை நான் எங்க வீட்டுல கேட்டதில்லை.

நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு முடியலை, வீடு வீடா இல்லை, என்ன வேணுமோ சொல்லு, வேலைக்குப் போகணும்னா கோயமுத்தூர்லயே பாத்துத் தர்றேன், போட்டோவைக் கூட உள் ரூமுக்கு மாத்திரலாம். அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் செய்யணும், இருந்தாலும் மாத்திரலாம்னேன். இவ்வளவு எறங்கி வந்தேனுங்க. மாமனார் கண்ணெல்லாம் கலங்கிருச்சு. அவ டீ டம்ளரை வாங்கி சன்னல்ல வெச்சா. வெச்சுட்டு வந்து எனக்கு நேரா நின்னா.

"வர்றேங்க. வேற ஒண்ணும் வேண்டாம். என்னைக் கூப்பிடுங்க, வர்றேன்."

அதுக்குத்தானே வந்திருக்கேன்னேன். கூப்பிடுங்கன்னு மறுபடியும் சொன்னா. கெஞ்சற மாதிரி இருந்துச்சு.

"சுகந்தி, வா, போலாம்"னு கூப்பிட்டேன்.

அவ அசையலை. காதுல விழலையோன்னு இன்னொருக்காவும் கூப்பிட்டேன். சுகந்தி. நல்லாத்தாங்க கூப்பிட்டேன், கோவமா எல்லாம் இல்லை. அவ என் மொகத்தையே பாத்துட்டு இருந்தா. பின்னால யாராச்சும் வர்றாங்களான்னு பாக்கற மாதிரி ஒரு தடவை வாசப்பக்கம் பாத்தா. அப்ப சமையல்கட்டுல இருந்து அவங்கம்மா, காமு, பால் பொங்குது பாருன்னாங்க. இந்தா வாறேன்னுட்டு உள்ள போயிட்டா. போனவ வரவே இல்லை. மாமனார்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்திவிட்டாரு.

வா, போலாம்னு பொண்டாட்டியை அதுக்கு மேல ஒருத்தன் எப்படிங்க கூப்பிடறது? நீங்க பெரியவரு, நீங்களே சொல்லுங்க.

என்னங்க? காமுன்னா? அது அவங்க வீட்டுல, அவங்க தெருவுல கூப்பிடற பேருங்ணா. நான் போய்க் காமுன்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? எங்கம்மா என்ன நெனப்பாங்க? காமுன்னு யாரைக் கூப்பிடறான் இவன்னு கேக்க மாட்டாங்களா?

இப்பவே போன்லயா? வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாங்க. சரி, சரி. இவ்வளவு தூரம் சொல்றீங்க. டவர் இருக்குதான்னு பாக்கறேன். ரிங் போகுதுங்க.

ஹலோ. நான்தான். இல்ல, ஒட்டன்சத்திரம் தாண்டி நிக்குது. ஒரு லாரி மறிச்சுட்டு நிக்குது. சாப்பிட்டேன். சும்மாதான் போட்டேன். ம். இல்ல, என்னன்னா... ஒண்ணு சொல்லலாம்னு... ம். லைன்ல இருக்கியா? ஒண்ணுமில்ல. சரி. வெச்சர்றேன்.

பேசிட்டனுங்க. எங்க இருக்கீங்கன்னு கேட்டா. என்ன விஷயம், சொல்லுங்கன்னா. சொல்லுங்கன்னுட்டு அவ பேசாம இருந்தா, ரொம்ப நேரம். மூச்சு விடற சத்தம் கேக்குது. நான் வாயைத் தெறந்தேன். சு-ன்னுதாங்க வருது. அதை முழுங்கிட்டுப் பாத்தேன், வேற ஒண்ணும் வர மாட்டேங்குது. அவதான் மொதல்ல வெச்சா. நான் வெச்சர்றேன்னு சொன்னேனே ஒழிய, அவதான் வெச்சா.

உங்ககிட்டச் சொல்றப்பக் காமுன்னு எத்தனை தடவை வந்துச்சு பாத்தீங்களா. நல்லாத்தானே வந்துச்சு.